முதல் வருஷத்தைத் தாண்டாத சம்பந்தம்

வேலாயுதம் வந்து நின்றபோது நான் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏரி மதகுக்குப் போட்ட கலவையில் சிமெண்டைக் குறைத்து மணலை ஏற்றியிருந்தார்கள். கையில் பிடித்தால் உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் இவன். மாகறல்காரன், எங்கள் பயிற்சி முகாமில் படித்தவன், இன்ஜினீரிங் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன். வேலை கேட்டு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டான் என்று நினைத்து, மேஸ்திரி மேல் இருந்த கோபத்தில் பாதியை அவன் பக்கம் திருப்பினேன். "இன்னாடா அவசரம் ஒனக்கு? ரிசல்ட் வரட்டும் மொதல்ல" என்றேன். அவன் அழக்கூட இல்லை. "சம்பந்தண்ணா செத்துட்டாருண்ணா" என்றான்.

யார் செத்தது என்று மேஸ்திரி கேட்டார். "கூடப் படிச்சவன்" என்றேன்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜூன் மாத வெயில், காமாலையில் போன உடம்பு, வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்கவில்லையே. சுடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாம்பல் இருந்தது. அதில் சம்பந்தத்தை எங்கே தேடுவது?

முகாமில் படித்த பிள்ளைகள் அவன் நினைவாக ஒரு சிறு மலர் அச்சுப் போடுகிறார்கள். என்னை எழுதச் சொன்னார்கள். "கோவப்படாம எழுதுங்கண்ணா" என்று வேலாயுதம் கெஞ்சிவிட்டுப் போனான். அது நடக்காது. அவனை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். அவன் சிரித்துக்கொண்டிருப்பான், அவனுக்கும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருப்பேன். இப்போதும் அப்படித்தான் எழுத வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் உத்திரமேரூரை விட்டுக் கிளம்பினோம். ஆளுக்கொரு தகரப் பெட்டி, ஆளுக்கொரு கோரைப் பாய். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு, பி.யூ.சி.யை எப்படியோ உருப்போட்டுத் தாண்டிவிட்டு, பட்டணத்து இன்ஜினீரிங் காலேஜில் போய் உட்கார்ந்தோம். முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஆசிரியர் நல்லவர்தான். வேகமாக இங்கிலீஷ் பேசுவார், நடுவில் நிறுத்தி "புரிந்ததா?" என்று கேட்பார், நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டுவோம். சம்பந்தம் மட்டும் ஆட்டமாட்டான். அவர் இவனைப் பார்த்து என்ன புரியவில்லை என்று கேட்டால், அதைச் சொல்ல இங்கிலீஷ் வராமல் எழுந்து நிற்பான். நின்றுகொண்டே இருப்பான். வகுப்பு சிரிக்கும்.

எங்களை முதலில் மடக்கியது டிராயிங். ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டின முகம் எப்படி இருக்கும், மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைய வேண்டும். "இன்னாடா இது, வாத்தியாரு ஒரு கோடு போட்டுட்டு அதுக்குப் பின்னால இன்னா கீதுன்னு கேக்கறாரு. பின்னால கீறது எனக்கு எப்டிடா தெரியும்?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டான். அன்று சாயங்காலம் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் ஹாஸ்டல் சமையல்கட்டில் இருந்தான். மறுநாள் சாம்பாருக்கு வைத்திருந்த முள்ளங்கிகளில் நல்ல கூம்பாக இருந்தவற்றைப் பொறுக்கி, அரிவாள்மணையில் உட்கார்ந்து, ஒன்றை நேராக வெட்டினான், ஒன்றைச் சாய்வாக வெட்டினான், ஒன்றை ஒரு பக்கத்துக்கு இணையாகச் சீவினான். "டேய், இங்க பாருடா! வட்டம்! இது எலிப்ஸ்! இது பாரபோலா! எல்லாம் உள்ளாறயே கீதுடா!" என்று கத்தினான். சமையல்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினார்.

அதன்பிறகு எங்கள் வரிசையில் ஒருத்தனுக்கும் டிராயிங் பயம் இல்லை. கூம்புக்கு முள்ளங்கி. உள்ளே கூடான குழாய்க்குப் புடலங்காய். சதுரக் கட்டைக்குப் பரங்கிக்காயில் ஒரு துண்டம். அறை மூலையில் வைத்து, இந்தச் சுவரில் விழுவது ஒரு பார்வை, அந்தச் சுவரில் விழுவது ஒரு பார்வை, தரையில் விழுவது மூன்றாவது என்று காட்டுவான். கணக்கிலும் டிராயிங்கிலும் அவன்தான் வகுப்பில் முதல். இதை அவன் நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. போர்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

போனது இங்கிலீஷ். அந்தக் காலத்து முதல் வருஷத்தில் இங்கிலீஷ் ஒரு பேப்பர். மற்றதெல்லாம் எவ்வளவு வாங்கினாலும் அது போனால் இரண்டாம் வருஷம் கிடையாது, ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அந்த ஒரு பேப்பரை எழுதி, பாஸ் செய்துவிட்டு வர வேண்டும். சம்பந்தத்துக்கு வார்த்தை தெரியாமல் போகவில்லை. அவனுடைய சுபாவமே அந்தப் பேப்பருக்கு ஆகாது. சொன்னபடி சிமெண்ட் வராததைக் கண்டித்துக் கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுது என்று கேள்வி. இவன் கம்பெனி முதலாளியின் சௌக்கியத்தை விசாரித்து, குடும்பத்தாரைக் கேட்டு, மழை எப்படி என்று எழுதி, தாங்கள் பெரிய மனிதர், பல வேலை இருக்கும், மறந்திருப்பீர்கள் என்று சமாதானமும் இவனே சொல்லி, கடைசி வரியில் முடிந்தால் சிமெண்ட் அனுப்பவும் என்று முடித்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் கடிதம் என்றால் அப்படித்தானே எழுதுவோம். "புகார் எழுதச் சொன்னா கல்யாணத்துக்குக் கூப்பிடறியேடா பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பெரிய பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கு என்று இன்னொரு கேள்வி. அதிலும் இவன் ஒன்றையும் விடாமல் முழுசாகத் திருப்பி எழுதியிருந்தான். "அந்த மனுசன் யோசிச்சி எழுதிக்கீறாரு. அதுல எது வாணாம்னு நான் எப்டிடா சொல்றது?" என்றான்.

நான் இரண்டாம் வருஷத்துக்குப் போனேன். அவன் தகரப் பெட்டியோடு ஊருக்குப் போனான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா, எங்கள் ஊர் நெல் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டுத் துழாவுகிற வேலை செய்பவர். அதே மில்லில் இவனுக்கு மூட்டை எடை போட்டு எழுதுகிற வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை இன்ஜினீயராகப் போய்விட்டு மூட்டைக் கணக்கு எழுத வந்தால் ஒரு தாய் என்ன பாடுபடுவாள்! நான் போய்ப் பார்க்கத் தயங்கினேன். போனால் அந்த அம்மா சிரித்துக்கொண்டு, "வாப்பா, ஒன் சிநேகிதன் முள்ளங்கி வெட்டறதுக்கு அவ்ளோ தூரம் போயி படிச்சிட்டு வந்துகீறான்" என்றார். அவனும் சேர்ந்து சிரித்தான். நான்தான் சிரிக்கவில்லை.

அடுத்த ஜூனில் உத்திரமேரூர்ப் பக்கத்தில் சில பையன்களுக்கு இன்ஜினீரிங் சீட் கார்டு வந்தது. கார்டு வருவதற்கும் காலேஜ் திறப்பதற்கும் நடுவில் கொஞ்ச நாள் இருக்கும். அந்த நாட்களில் ஊரே அந்தப் பையனைக் கூப்பிட்டு வைத்துச் சோறு போடும், மாலை போடும். எதற்காகப் போகிறான் என்று ஒருத்தரும் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தர ஆளும் கிடையாது. சம்பந்தம் மில் முதலாளியிடம் போய் நின்றான். அறுவடை இல்லாத மாதம், கிடங்கு காலியாகக் கிடந்தது. "இன்னாத்துக்குடா?" என்று அவர் கேட்டாராம். "எனக்கு வந்த கதி இவுங்களுக்கு வரக் கூடாதுங்க" என்றானாம். அவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் முகாம் அப்படித் தொடங்கியது. லீவில் வந்த நானும் சேர்ந்துகொண்டேன். அவன் சொல்லித்தருவான், நான் அதட்டுவேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

பட்டணத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து தடித்தடியாகச் சில புத்தகங்களை நான் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொன்றும் தலையணை கனம். பையன்களோ கூரம், மாகறல், ஓரிக்கை என்று ஆளுக்கொரு திக்கு. ஒரு புத்தகத்தை எத்தனை பேர் படிப்பது? ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், சம்பந்தம் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கத்தியை எடுத்து முதுகுத் தையலை அறுத்துக்கொண்டிருந்தான். "டேய், சரஸ்வதிடா அது! அறுக்கறியே!" என்று கையைப் பிடித்தேன். "ஒருத்தன் வூட்லயே குந்திகினு கீற சரஸ்வதியால மத்தவனுக்கு இன்னாடா பிரயோஜனம்?" என்று கேட்டான். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, மூட்டை தைக்கிற கோணி ஊசியாலும் சணலாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தைத்தான். ஒருத்தன் படித்து முடித்ததைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவான், அடுத்த ஊரில் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். "இன்னிக்கு இன்னா, பாரபோலாவா?" என்று கண்டக்டர்களே கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மூட்டைக்கு முத்திரை போடுகிற மையால் கிடங்குச் சுவர் முழுவதும் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதியிருப்பான். முதல் வருஷம் முடித்தவன் தன்னுடைய டிராயிங் பலகையையும் டீ-ஸ்கொயரையும் அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும், அடுத்துப் போகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். இது சட்டம். அவன் போட்ட ஒரே சட்டம். அறிவுரை என்று அதிகம் சொல்ல மாட்டான். இரண்டு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான். "புரியலன்னா தலையாட்டாதீங்கடா. நீ தலையாட்டினா வாத்தியாரு அடுத்த பக்கத்துக்குப் பூடுவாரு. நீ இங்கயே கீறே, அவரு எங்கயோ கீறாரு." அது ஒன்று. இன்னொன்று: "ஆரம்பத்துல எல்லார்க்கும் இருட்டாத்தான் இருக்கும். ஒனக்கு மட்டும்தான்னு நெனச்சிகினு அழுவாதே. பக்கத்துல கீறவனுக்கும் ஒண்ணும் தெரில, அவன் நல்ல சட்டை போட்டுகினு கீறான், அவ்ளோதான்."

மத்தியானம் வெட்டின உருவங்களையெல்லாம் கன்னியம்மா அள்ளிக்கொண்டு போய்விடுவார். சாம்பார் வரும். "எலிப்ஸு எதுப்பா, பாரபோலா எது? உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான், துன்னுங்க" என்பார். கரண்டி கரண்டியாக ஊற்றுவார். எந்த ஊர்ப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதில்லை. வரிசையாக எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி உட்காராத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

வேலாயுதம் முதல் வருஷத்தில் காலேஜை விட்டு ஓடிவந்தது மழை தொடங்குவதற்கு முன்னால். அவனே இதை எழுதச் சொன்னான், அதனால் எழுதுகிறேன். அவன் அப்பா மாகறலில் ஏர் ஓட்டுகிற கூலி. காலேஜ் சேர்ந்து கொஞ்ச காலத்தில் ஒரு பரீட்சையில் முட்டை வாங்கிவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். சம்பந்தத்துக்குக் கண்டக்டர் மூலம் சேதி வந்தது. உடனே கிளம்பி, செய்யாற்று மணலில் நடந்து, நேரே அவன் நின்றிருந்த வயலுக்கே போனான். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு சேற்றில் இறங்கி வேலை செய்தான். கரையேறி இருவரும் கூழ் குடிக்கும்போதுதான், "எந்த எடத்துல புரியல?" என்று கேட்டானாம். "எல்லா எடத்துலயும்ணா" என்று வேலாயுதம் அழுதிருக்கிறான். "அப்ப சுலபம். மொத பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி, அன்றைக்கே பஸ் ஏற்றி, ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வார்டனுக்குத் தெரியாமல் அவன் அறையிலேயே பாய் போட்டுத் தங்கிவிட்டான். சம்பந்தம் அப்படித் தங்கியிருந்த நாட்களில்தான் அவனுடைய சொந்தப் பரீட்சை வந்தது. அந்த ஒரே பேப்பர். போய் எழுதவில்லை.

சேதி தெரிந்து நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அப்போது எனக்குக் கடைசி வருஷம். ஹாஸ்டல் வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்க, அவன் சட்டையைப் பிடித்தேன். "ஒனக்கு அறிவு கீதா? ஊரான் புள்ளைய வளத்துகினு, ஒன் பரீட்சைய விட்டியே! அவன் ஒரு நாள் தனியா இருந்தா செத்தாப் பூடுவான்?" என்று கத்தினேன். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "எனக்கு இது இல்லன்னா அடுத்தது கீதுடா. அவன் இன்னிக்கு வூட்டுக்குப் பூட்டா அவ்ளோதான், திரும்பி வரமாட்டான். வந்தவனுக்குத் தெரியும்டா அது" என்றான். வந்தவன் என்று அவன் சொன்னது தன்னை. சட்டையை விட்டுவிட்டேன். வேலாயுதம் அந்த வருஷம் பாஸானான்.

இப்படியே போயிற்று. அவன் எழுதித் தோற்றதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம். ஒரு தடவை மில்லில் அறுவடை நெருக்கடி. ஒரு தடவை இன்னொரு பையனுக்கு ஏதோ. அவன் தைத்துக் கொடுத்த புத்தகங்களைப் படித்தவர்கள் ஒவ்வொருவராக இன்ஜினீயராகிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் அவனைவிடச் சின்னவர்கள். ஒவ்வொருத்தனும் டிகிரி வாங்கி ஊருக்கு வந்ததும் முதலில் அவன் காலில்தான் விழுவான். இவன் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, "பேஜார் பண்ணாதீங்கடா, எழுந்திருங்க" என்பான். அந்த நேரத்தில் ஒருநாள் அவன் முகத்தை நான் கவனித்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கண் அந்தப் பையன் கையில் இருந்த டிகிரி மேலேயே இருந்தது. அவனுக்கு ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தியாகி, தியாகி என்று மேடையில் பேசிவிட்டுப் போவார்கள். அவன் படிக்க ஆசைப்பட்டான். அந்த இரண்டாம் வருஷ வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று உயிரை விட்டான்.

இந்த வருஷம் நான் விடவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கன்னியம்மா முன்னால் வைத்து அவனிடம் சத்தியம் வாங்கினேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் போய் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுதவைத்தேன். புகார்க் கடிதம்தான் வரவில்லை. யார் மேலும் அவனுக்குப் புகாரே இல்லை, என்ன செய்வது? "சரி, என் மேல எழுதுடா. நான் ஒன் மேல கத்தறேன், சட்டையப் பிடிக்கறேன், எழுது" என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினான். வாங்கிப் பார்த்தால், இந்த நபர் மிகவும் கோபக்காரர், ஆனால் இவர் வராத நாட்களில் எனக்கு நேரம் போவதில்லை என்று இங்கிலீஷில் இருந்தது. தப்பில்லாத இங்கிலீஷ். "இது புகாராடா?" என்று காகிதத்தை அவன் மேலேயே விட்டெறிந்தேன். கன்னியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் எழுதினான். அந்தப் பேப்பர் எழுதும்போதே உடம்பு சரியில்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவன் சொன்னானா? வாயைத் திறக்கவில்லை. பரீட்சை எப்படி என்று கேட்டால், "நல்லாத்தான் எழுதிக்கீறேன், பாப்போம்" என்றான். மே மாதம் கண் மஞ்சளாகிவிட்டது. வெயில் சூடு என்று சொல்லி மூட்டை எடை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். கொஞ்சம் தேறினதுபோல் இருந்ததும், புதிதாகக் கார்டு வந்த பையன்களுக்குக் கிடங்கைக் கூட்டி வைக்கப் போனான். அங்கேயே விழுந்துவிட்டான். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். ஈரல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வலிக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால்! ஒரு ஆளிடம், என்னிடம், ஒரு கார்டு போட்டிருந்தால்! யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் மேல்தான் கோபப்படுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகிற வழியில் காலேஜில் இறங்கினேன். அவனுடைய ரிசல்ட் போர்டில் போட்டிருந்தார்கள். அவன் நம்பரைத் தேடினேன். திரும்பத் திரும்பத் தேடினேன். அதற்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பர் இருந்தது. உள்ளே போய் விசாரித்தேன். மிகக் கொஞ்சம் மார்க்கில் போயிருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரே முடிவாக முடிவு செய்துகொண்டேன். பாஸ் என்று சொல்லிவிடுவது. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? செத்துப்போன பிள்ளை பாஸ் செய்தான் என்று ஒரு தாய் நினைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த வேலாயுதமும் அதையே சொன்னான். "பாஸ்னு சொல்லிடுங்கண்ணா. அம்மா தாங்கமாட்டாங்க."

காரியம் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், கன்னியம்மா வீட்டுக்குள்ளே முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுநாளைக்குச் சமைக்க வேண்டுமே. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். "ரிசல்ட்டு வந்துட்டுதா?" என்று அவராகவே கேட்டார். எனக்கு முகத்தில் பொய் நிற்காது. அந்த அம்மா என்னை எத்தனை வருஷமாகப் பார்க்கிறார். "வந்துட்டுதும்மா" என்றேன். "பாஸ் இல்லம்மா. கொஞ்சத்துல பூட்ச்சி."

அவர் கை நிற்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே, "போவுது வுடு. செப்டம்பர்ல எழுதுவான்" என்றார்.

சொல்லி முடித்தபிறகுதான் கை நின்றது. முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தபடியே இருந்தார். என் பக்கம் நிமிரவில்லை. வாசலில் நின்ற வேலாயுதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பெரிதாக அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் அந்த அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பெற்றவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அவனிடமிருந்து நீங்கள் என்ன வைத்துக்கொண்டீர்கள் என்று மலர் போடுகிற பிள்ளைகள் கடைசியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய பொறுமை எனக்கு வரவில்லை, இனிமேலும் வராது. அவன் படம்கூட என்னிடம் இல்லை, எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஜூலைக்குள் கிடங்கில் முகாமை நடத்துகிறோம், நீங்கள் அத்தனை பேரும் வந்து சேருங்கள், அது நம் எல்லோருடைய வேலை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. அந்த அம்மா மறந்துபோய்ச் சொன்னாரே, அந்த ஒரு நொடி. அந்த நொடியில் சம்பந்தம் எங்கேயோ மில் பக்கம் போயிருந்தான், சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.